கேட்பதும் கேட்பதும்

பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளை ஒட்டி நூறாண்டுக்கு முன்பு ஒரு சபை இருந்தது. வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று பெயர். செல்வபதிச் செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இரண்டு வணிகர்கள் அதை நடத்திவந்தார்கள். புராணம், பக்தி, ஒழுக்கம் என்று அங்கே சொற்பொழிவுகள் நடக்கும். ஆலைத் தொழிலாளர்கள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். நாளடைவில் அவர்கள் சொற்பொழிவு முடிந்ததும் கலைந்து போகாமல் தங்கள் பாட்டைப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சைத் தூக்கிக்கொண்டுதான் சபைக்காரர்கள் இருவரும் அன்னி பெசன்டின் ‘நியூ இந்தியா’ நாளிதழ் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே பெசன்டின் பிரம்மஞான சபைத் தோழர் பி.பி. வாடியாவைப் பார்த்தார்கள். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். சங்கம் முதலில் கேட்டவற்றில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளையை இன்னும் சில நிமிடம் நீட்டித் தரவேண்டும் என்பது.

இந்தக் கதையின் பின்பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பம்பாய்ப் பார்சியான வாடியா 1922இல் பிரம்மஞான சபையை விட்டு விலகினார். 1945இல் மனைவி சோஃபியாவுடன் சேர்ந்து பெங்களூர் பசவனகுடியில் ஒரு பண்பாட்டு நிலையம் தொடங்கினார். இன்று அதன் பெயர் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் வேர்ல்ட் கல்ச்சர். நூலகம் உண்டு, சொற்பொழிவு உண்டு, இசையும் நாட்டியமும் உண்டு. யாரும் போய் உட்காரலாம். பட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. சொற்பொழிவு மன்றத்திலிருந்து தொழிற்சங்கம் கிளைத்ததைக் கண்ணால் பார்த்த மனிதர், முதுமையில் மறுபடி ஒரு சொற்பொழிவு மன்றத்தைக் கட்டினார்.

இலாபம் பார்க்காமல், பட்டம் தராமல், பொதுமக்களுக்கு இலக்கியம், வரலாறு, தத்துவம், ஓவியம் சொல்லித்தரும் நிறுவனங்கள் உலகெங்கும் இருந்திருக்கின்றன. இந்தப் படிப்புகள் அனைத்துக்கும் சேர்த்து நம்மிடம் நிலைபெற்ற ஒரு சொல்கூட இல்லை. மானுடவியல் என்றால் அது வேறொரு துறையாகிவிடுகிறது. கலைப்பிரிவு என்றால் பிளஸ் டூ ‘ஆர்ட்ஸ் குரூப்’ நினைவுக்கு வருகிறது. மானுடப் படிப்பு என்று இந்தக் கட்டுரைக்குள் வைத்துக்கொள்கிறேன். யார் இதை யாருக்குக் கொடுத்தார்கள், எந்தப் பணத்தில், எந்த நேரத்தில், கடைசியில் என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் தட்டுப்படுகிறது. வள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்து, 42ஆவதாகக் ‘கேள்வி’யை வைத்தார். அங்கே கேள்வி என்றால் செவிவழி பெறும் அறிவு. இன்று நமக்குக் கேள்வி என்றால் வினா. கேட்பது என்ற வினைக்கும் இதே இரட்டை வாழ்க்கைதான். பொதுக்கல்வி நிறுவனங்களின் வரலாறே இந்த இரண்டு பொருளுக்கும் நடுவே நடந்த இழுபறி என்று எனக்குத் தோன்றுகிறது.

செவிக் கேள்வியின் மூத்த நிறுவனம் லண்டனில் இருக்கிறது. ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிக மன்றத்தைக் கட்டிய சர் தாமஸ் கிரஷாம், அந்தக் கட்டடத்தின் வருமானத்தில் ஏழு பேராசிரியர்களை அமர்த்தி ஊராருக்கு இலவசமாகப் பேசவைக்கவேண்டும் என்று உயில் எழுதினார். 1597இல் கிரஷாம் கல்லூரி தொடங்கியது. வானியல், இறையியல், வடிவியல், சட்டம், இசை, மருத்துவம், சொல்லணி என்று ஏழு துறைகள். கல்லூரி என்று பெயர்தான். மாணவர் சேர்க்கையே கிடையாது. இன்றும் அப்படித்தான். இடம் மாறியது, நடுவில் நலிந்தது, ஆனால் நானூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. வாடகை வரும் சொத்தின் பலம் அது. நம் ஊரில் மடங்களும் கட்டளைகளும் நிலத்தை நம்பி நின்ற அதே கணக்கு.

ஆனால் கிரஷாம் கல்லூரியில் நடந்த மிகப் பெரிய காரியம் சொற்பொழிவுக்குள் நடக்கவில்லை. 1660 நவம்பர் 28ஆம் தேதி கிறிஸ்டோபர் ரென் வானியல் பேசி முடித்தார். பேச்சு முடிந்ததும் பன்னிரண்டு பேர் அங்கேயே தங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடுகைதான் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் ஆயிற்று. பெரம்பூரில் நடந்ததும் இதுதானே. சபை கலைந்த பிறகு யார் தங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது விஷயம்.

1823இல் ஜார்ஜ் பர்க்பெக் முதலியோர் தொடங்கிய லண்டன் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டைப் போன்றவை அடுத்து வந்தன. தொழிலாளிக்குப் பயன்படும் அறிவு என்று இயந்திரம், வேதியியல் சொல்லித் தந்தார்கள். பல ஊர்களில் சில ஆண்டுகளிலேயே பட்டறைக்காரர்கள் மறைந்து குமாஸ்தாக்கள் நிறைந்தார்கள். லண்டன் நிலையம் பின்னாளில் பர்க்பெக் கல்லூரியாகிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துகொண்டது. மாலை வகுப்பு என்ற வழக்கத்தை மட்டும் அது விடவில்லை.

நான் நிதானமாகப் பேச விரும்புவது ராச்டேலைப் பற்றி. இங்கிலாந்தின் வடக்கே நூற்பாலை ஊர். 1844இல் அங்கே சில தொழிலாளிகள் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் அந்தக் கடையைத் தன் பிறந்த வீடாகக் கொண்டாடுகிறது. மாவும் வெண்ணெயும் விற்று மிஞ்சியதில் நூற்றுக்கு இரண்டரை பங்கைப் படிப்புக்கென்று ஒதுக்கி, கடைக்கு மேல் வாசகசாலை வைத்தவர்கள் அவர்கள். (அதே 1844இல்தான் டென்மார்க்கில் ரோடிங் என்ற ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி திறந்தது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஊர்கள்.) அந்த ராச்டேலில் 1908 ஜனவரியில் ஒரு வகுப்பு தொடங்கியது. நடத்தியது தொழிலாளர் கல்விச் சங்கம். 1903இல் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜும் அவர் மனைவி ஃபிரான்ஸிஸும் வீட்டுச் செலவுக் காசிலிருந்து இரண்டரை ஷில்லிங் எடுத்துத் தொடங்கிய சங்கம் அது.

வகுப்பெடுக்க வந்தவர் ஆர்.எச். டானி. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேலை. வாரக் கடைசியில் ரயிலேறி வெள்ளி இரவு லாங்டன் என்ற பீங்கான் தொழிற்சாலை ஊருக்கும் சனிக்கிழமை ராச்டேலுக்கும் போவார். வகுப்பின் ஒப்பந்தம் கடுமையானது. மூன்று ஆண்டு. ஆண்டுக்கு இருபத்து நான்கு கூட்டம். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம்: முதல் ஒரு மணி ஆசிரியர் பேசுவார், அடுத்த ஒரு மணி மாணவர் பேசுவார்கள். ஏறக்குறைய முப்பது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும். என்ன பாடம் என்பதை மாணவர்களே முடிவு செய்தார்கள். தறியிலும் சூளையிலும் நின்ற கையோடு வந்து, பொருளாதார வரலாறு வேண்டும் என்று கேட்டார்கள்.

அந்த இரண்டாவது ஒரு மணி நேரத்தை நான் மிகப் பெரிய கண்டுபிடிப்பாக நினைக்கிறேன். பேராசிரியர் கூலியைப் பற்றி ஒரு கருத்தைச் சொன்னால், கூலி வாங்குகிறவன் எழுந்து “எங்கள் ஆலையில் அப்படி இல்லையே” என்று சொல்ல ஒதுக்கப்பட்ட நேரம் அது. டானி 1912இல் பதினாறாம் நூற்றாண்டின் நிலவுரிமைச் சிக்கலைப் பற்றித் தம் முதல் பெரிய நூலை வெளியிட்டபோது, நெசவாளரும் பீங்கான் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் தமக்குக் கற்றுக்கொடுத்ததை முன்னுரையில் ஒப்புக்கொண்டார். மரியாதைக்குச் சொன்ன வார்த்தையாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. லாங்டன் மாணவர்கள் 1911 வாக்கில் தாங்களே பக்கத்துச் சுரங்கக் கிராமங்களுக்குப் போய்ப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். அந்த வட்டாரத்தில் இப்படி ஊறிய கல்விப் பழக்கத்திலிருந்துதான் 1949இல் இன்றைய கீல் பல்கலைக்கழகத்தின் மூலமான கல்லூரி எழுந்தது.

அதே மரபில் வந்தவர்கள்தான் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஆங்கில அறிவுலகைப் புரட்டிப்போட்டார்கள். ரேமண்ட் வில்லியம்ஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வெளிப்புற வகுப்புகளில் பதினைந்து ஆண்டு ஆசிரியர். ரிச்சர்ட் ஹோகர்ட் ஹல் பல்கலைக்கழகத்தில் அதே வேலை. ஈ.பி. தாம்சன் லீட்ஸில் முதியோர் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டே ஆங்கிலத் தொழிலாளி வர்க்கம் உருவான வரலாற்றை எழுதினார். 1963இல் நூல் வந்தது. பண்பாட்டு ஆய்வு என்று இன்று நம் பல்கலைக்கழகங்கள் கருத்தரங்கு நடத்தும் துறை, இரவு ஏழு மணிக்குச் சோர்ந்து வந்த மனிதர்களுக்குப் பாடம் சொல்லப்போய் உருவானது. பல்கலைக்கழகம் மக்களுக்குக் கொடுத்த கொடை என்று இதைச் சொல்கிறவர்கள் கணக்கைத் தலைகீழாக எழுதுகிறார்கள்.

எல்லாரும் இதைக் கொண்டாடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டிலேயே தொழிலாளர்களுக்கென 1899இல் தொடங்கிய ரஸ்கின் கல்லூரியில் 1909இல் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் பக்கம் நின்ற முதல்வர் டென்னிஸ் ஹர்டை நீக்கியதுதான் உடனடிக் காரணம். அடியில் இருந்த வழக்கு வேறு. ‘நடுநிலையான’ படிப்பு என்ற பெயரில் எங்கள் ஆட்களைப் பிடித்துக் கனவான்களாக்கித் திருப்பி அனுப்புகிறீர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. வெளியேறி, மத்தியத் தொழிலாளர் கல்லூரி என்று தனியாகத் தொடங்கினார்கள். குற்றச்சாட்டில் பாதியாவது உண்மை. மேலிருந்து கொடுக்கும் கலைக்கு ஒரு மேட்டிமை வாடை எப்போதும் உண்டு. ஆனால் மாற்றுக் கல்லூரி இருபது ஆண்டுகளில் மூடப்பட்டது. டானியின் வகுப்பு முறை நிலைத்தது. எதிர்த்துக் கேட்க இடம் வைத்த வகுப்பில் மேட்டிமை அதிக நாள் தாக்குப்பிடிக்காது என்பது என் அனுமானம்.

அதற்கு ஓவியத்திலிருந்தே சாட்சி உண்டு. 1934இல் வட இங்கிலாந்தின் ஆஷிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் தொழிலாளர் கல்விச் சங்கத்தின் கிளை, ஓவியம் பற்றி ஒரு வகுப்பு கேட்டது. நியூகாசிலிலிருந்து ராபர்ட் லையன் என்ற ஓவிய ஆசிரியர் வந்தார். மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைத் திரையில் காட்டிக் காட்டி விளக்கினார். சுரங்கத்தில் ஒரு நாள் முறையை முடித்துவிட்டு வந்தவர்களுக்கு மைக்கலாஞ்சலோவின் கூரை எந்தச் செய்தியையும் சொல்லவில்லை. மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். லையன் தோல்வியை ஒப்புக்கொண்டு முறையை மாற்றினார். நீங்களே வரையுங்கள் என்றார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வரைந்தார்கள்: குனிந்த முதுகோடு நிலக்கரி வெட்டுவது, சுரங்கக் குதிரை, வீட்டுக் கொல்லை, நாய்ப் பந்தயம். 1936இல் நியூகாசிலில் கண்காட்சி. ஓவியரானதும் யாரும் சுரங்க வேலையை விட்டுவிடவில்லை. வாரம் ஒருமுறை குடிசை போன்ற ஒரு கூடத்தில் கூடி, ஒருவர் படத்தை மற்றவர்கள் தாட்சண்யமில்லாமல் விமர்சித்து, இப்படியே அரை நூற்றாண்டு ஓட்டினார்கள். படங்கள் இன்று அதே ஊரின் வுட்ஹார்ன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

டென்மார்க்குக்கு வருவோம். பாதிரியாரும் கவிஞருமான குருண்ட்விக் ஒரு கனவு கண்டார்: விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் குளிர்காலத்தில் சில மாதம் ஒரே வீட்டில் தங்கி, லத்தீன் வாசனையில்லாமல், தாய்மொழியில் வரலாறும் பாட்டும் புராணமும் பேசிப் படிக்கவேண்டும். பரீட்சை கூடாது. அந்தக் கனவுதான் ரோடிங். இன்றும் அந்த நாட்டில் எழுபது பள்ளிகள் போல நடக்கின்றன. அரசு மானியம் தருகிறது. பரீட்சை வைக்கக் கூடாது என்பதைச் சட்டமே காக்கிறது. பரீட்சைக்கு எதிராகச் சட்டம் போட்ட நாடு ஒன்று இருக்கிறது என்று நீட் பயிற்சி வகுப்பு வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இந்தப் பள்ளிகளைப் பார்க்க 1930களின் தொடக்கத்தில் டென்மார்க் போன அமெரிக்க இளைஞர் மைல்ஸ் ஹார்ட்டன். திரும்பி வந்து 1932இல் டென்னஸி மலைப்பகுதியில் ஹைலாண்டர் மக்கள் பள்ளியைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது அந்த மாநிலத்தில் அப்போது சட்டவிரோதம். ஹைலாண்டரில் அது வழக்கம். ஹார்ட்டனின் மனைவி ஸில்ஃபியா அங்கே வரும் தொழிலாளர்களிடம் பாட்டுகளைக் கேட்டு வாங்கி, திருப்பி எல்லாருக்கும் சொல்லித்தருவார். சார்ல்ஸ்டன் புகையிலைத் தொழிலாளர்கள் கொண்டுவந்த ஒரு பாட்டு அப்படித்தான் பாடகர் பீட் சீகரிடம் போனது. பின்னாளில் உலகம் முழுக்க ‘வீ ஷல் ஓவர்கம்’ என்று பாடப்பட்டது அதுதான். 1955 கோடையில் ரோசா பார்க்ஸ் அங்கே ஒரு பயிலரங்குக்கு வந்துபோனார். அந்த டிசம்பரில்தான் மாண்ட்கமரி பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார்.

ஹைலாண்டரின் இன்னொரு முயற்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும். தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவு. வாக்குரிமை வேண்டுமானால் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும் என்று கறுப்பர்களைத் தடுத்த காலம். 1957 ஜனவரியில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் இரவு வகுப்பு தொடங்கியது. முன்பக்கம் மளிகை நடந்ததால் வெளியாருக்குச் சந்தேகம் வராது. ஹைலாண்டரின் செப்டிமா கிளார்க் தேர்ந்தெடுத்த ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், தொழில்முறை ஆசிரியை அல்லர். சிகையலங்காரம் செய்பவர். அதனாலேயே தேர்ந்தெடுத்தார்கள்: பழகிய வாத்தியார் என்றால் பெரியவர்களைக் குழந்தைகளாக நடத்திவிடுவார் என்று பயம். முதல் நாள் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. உங்களுக்கு என்ன கற்கவேண்டும் என்று கேட்டார். கையெழுத்துப் போட வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், தபாலில் சாமான் வரவழைக்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். அங்கிருந்து தொடங்கி அரசியல் சட்டம் வரை போனார்கள். இந்த வகுப்புகள் தென்மாநிலங்கள் முழுக்கப் பரவின. டென்னஸி அரசு 1961இல் ஹைலாண்டரின் உரிமத்தைப் பறித்தது. வேறு பெயரில், வேறு இடத்தில் அது இன்றும் நடக்கிறது.

ஏழைக்குக் கையெழுத்து சரி, பிளேட்டோ எதற்கு? இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர் எழுத்தாளர் எர்ல் ஷோரிஸ். வறுமையைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்தவர், நியூயார்க் மாநிலப் பெண்கள் சிறை ஒன்றில் ஒரு கைதியிடம் மக்கள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்டார். அவர் சொன்ன பதிலில் வேலையும் பணமும் வரவில்லை. நகரத்து வசதியானவர்களுக்குக் கிடைக்கும் நாடகம், அருங்காட்சியகம், இசை, சொற்பொழிவு எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் பதில். ஷோரிஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். 1995இல் மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில், ராபர்ட்டோ கிளெமென்டே பெயர் தாங்கிய குடும்ப நல மையத்தில் வகுப்பு தொடங்கினார். அறவியல், இலக்கியம், கலை வரலாறு, அமெரிக்க வரலாறு, தர்க்கம் என்று ஐந்து பாடம். ஆசிரியர்கள் நல்ல சம்பளம் பெற்ற தேர்ந்த ஆட்கள். மாணவர்கள் சதுரமாக மேசை போட்டு உட்கார்ந்து சாக்ரடீஸ் முறையில் கேள்வி வழியே படித்தார்கள்.

பாடத்திட்டத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். என் கண்ணில் பட்டது வேறு. ஷோரிஸ் மாணவர்களுக்குப் போக்குவரத்துக் காசு கொடுத்தார். குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கு, வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார். இந்த இரண்டும் இல்லாமல் பிளேட்டோவின் குகைக்குள் யாரும் வந்திருக்கமாட்டார்கள். இந்தக் கிளெமென்டே வகுப்பு பிறகு பல நாடுகளுக்குப் போனது. மெக்ஸிகோவின் யுகாத்தானில் கிரேக்கத்தை ஒதுக்கிவிட்டு மாயா மொழியும் மாயா இலக்கியமும் படித்தார்கள். தென்கொரியாவில் 2005இல் சியோல் நகரத்தின் வீடற்றவர்களுக்காக ஒரு மானுடப் படிப்பு தொடங்கியது. பாடம் எந்த ஊருடையது என்பது இரண்டாம்பட்சம். நாற்காலி எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி என்பதை யுகாத்தான் காட்டியது.

இனி காசு. நிலத்தை நம்பிய கிரஷாமைச் சொன்னேன். நியூயார்க்கின் கூப்பர் யூனியனும் நிலத்தை நம்பியதுதான். பள்ளிப் படிப்பு வாய்க்காத தொழிலதிபர் பீட்டர் கூப்பர் 1859இல் தொடங்கிய நிறுவனம். கலையும் கட்டடக்கலையும் பொறியியலும் இலவசம். உழைப்பாளிகள் வேலை முடிந்து வர வசதியாக வாசகசாலை இரவு பத்து மணி வரை. அதன் பேரரங்கில்தான் 1860இல் லிங்கன் பேசினார். கிரைஸ்லர் கட்டடம் நிற்கும் நிலமே அதன் சொத்து. அப்படிப்பட்ட நிறுவனம் 2006இல் அந்த நிலத்தின் பேரில் 17.5 கோடி டாலர் கடன் வாங்கியது, பளபளப்பான புதுக் கட்டடம் கட்டியது, பற்றாக்குறையில் விழுந்தது. 2013இல் மாணவர்கள் தலைவரின் அலுவலகத்தை ஆக்கிரமித்துப் போராடியும் பலனில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இளநிலை மாணவர்களிடம் கட்டணம் வாங்காத இடம் 2014இலிருந்து வாங்கத் தொடங்கியது. பழைய நிலைக்குத் திரும்ப 2018இல் பத்தாண்டுத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அறக்கட்டளை நடத்தும் யாரும் புதுக் கட்டடத்துக்குக் கால்கோள் விழா வைக்கும் முன் இந்தக் கதையைப் படிக்கலாம்.

அரசு மானியத்தின் ஆயுளும் ஆட்சி மாறும் வரைதான். அமெரிக்காவின் தேசிய மானுடப் புல நிதி, மாநிலக் குழுக்கள் உட்படப் பலருக்கும் கொடுத்திருந்த மானியங்கள் 2025 ஏப்ரலில் ஒரேயடியாக ரத்தாயின. கட்டணம் வாங்கி நடத்துவது மூன்றாவது வழி. முனைவர் பட்டம் பெற்றும் நிலையான வேலை கிடைக்காத இளைஞர்கள் சேர்ந்து, 2010களின் தொடக்கத்தில் புரூக்ளின் இன்ஸ்டிட்யூட் ஃபார் சோஷியல் ரிசர்ச் என்று தொடங்கினார்கள். நான்கு வாரம், வாரம் ஒரு மாலை, மது விடுதியின் பின்னறையிலோ புத்தகக் கடையிலோ வகுப்பு. ஒரு பாடத்துக்கு முந்நூறு டாலருக்கு மேல். ஆசிரியருக்கு மரியாதையான ஊதியம் போகிறது, அதில் தப்பில்லை. ஆனால் முந்நூறு டாலர் கொடுக்கக்கூடியவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர். தனி ஆளின் புகழை நம்புவது நான்காவது வழி. 2002இல் பிரான்ஸின் கான் நகரில் தத்துவ எழுத்தாளர் மிஷல் ஓன்ஃப்ரே தொடங்கிய மக்கள் பல்கலைக்கழகம் அப்படி. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் தீவிர வலதுசாரி லெ பென் இரண்டாம் சுற்றுக்கு வந்த அதிர்ச்சியில் பிறந்தது. கட்டணமில்லை, பதிவில்லை, கூட்டம் அலைமோதியது, வானொலி ஒலிபரப்பியது. ஓன்ஃப்ரே விலகியதும் பழைய உருவில் அது நிற்கவில்லை. இணைய வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செவிக் கேள்வியை அது கடலளவு பெருக்கியது. மற்ற கேள்வியைக் கருத்துப் பெட்டிக்குள் அடைத்தது.

நம் ஊரில் இதற்கெல்லாம் முன்மாதிரி இல்லாமலில்லை. 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகத்தை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் கண்டார். படிக்காதவர்களும் கம்பனைச் செவியால் படித்தது அந்தப் பந்தல்களில்தான். திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டு வட்டத்தொட்டி இன்னொரு வகை: ஒரே பாட்டைச் சுற்றி உட்கார்ந்து பேசும் சிறு கூட்டம். திராவிட இயக்கத்தின் படிப்பகங்களில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க மற்றவர் குறுக்கே பேசுவார்கள். பட்டியலை நீட்டலாம். ஆனால் இவற்றில் பந்தலும் மேடையும் ஒலிபெருக்கியும் வளர்ந்த அளவுக்கு வட்டத்தொட்டியும் படிப்பகமும் வளரவில்லை. பேச்சுக் கலையில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. பேச்சுக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தை நாம் கட்டவே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு மாலைக் கூட்டம். அழைப்பிதழில் ஐந்தரை மணி. தொடங்கியது ஆறு பத்துக்கு. வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை எல்லாம் தாண்டிச் சிலப்பதிகாரத்துக்கு வர ஏழு ஆனது. பேசியவர் நல்ல அறிஞர், நன்றாகவே பேசினார். வந்திருந்த நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் ஓய்வுபெற்றவர்கள். ஐந்தரை மணிக்கு வேறு யாரால் வரமுடியும்? எட்டரைக்கு, நேரமின்மை காரணமாகக் கேள்வி நேரம் ரத்து என்று அறிவித்து நன்றி சொன்னார்கள். குடையை மறந்துவிட்டு நான் திரும்பிப் போனபோது, காவலாளி ஒவ்வொரு மின்விசிறியாக அணைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். வாசலில் நின்று முழுப் பேச்சையும் கேட்டிருக்கிறார்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? கண்ணகி ஊரையே கொளுத்துச்சே, அதுல கூலிக்காரங்க ஊடும் எரிஞ்சிச்சா?”

எரிக்காமல் விடச் சொன்ன பட்டியல் ஒன்று காப்பியத்தில் உண்டு: அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள். கூலிக்காரர் என்று தனியாக இல்லை. அதைச் சொன்னேன். “அப்ப எரிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த விசிறியை அணைக்கப் போனார். அன்றைக்கு அந்த அரங்கில் சிலப்பதிகாரத்தைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. அறிஞர் அதற்குள் காரில் ஏறிவிட்டிருந்தார்.

அதனால் கூட்டம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தரை மணியை ஏழரை ஆக்குங்கள். பேச்சுக்கு ஒரு மணி, பேச்சைக் கேட்டவர்களுக்கு ஒரு மணி என்று அழைப்பிதழிலேயே அச்சடியுங்கள். பொன்னாடைக்கு ஆகும் காசைப் பேருந்துக் காசில்லாமல் வராதிருப்பவருக்குக் கொடுங்கள். வாசலில் நிற்பவருக்கு உள்ளே ஒரு நாற்காலி போடுங்கள்.